நாற்பத்து மூன்றாவது கேள்வி

அமிர்தம் தேர்வு அறைக்குள் காலை வைத்ததும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். அமிர்தம் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அந்த வணக்கம் தனக்குத்தான் என்று அப்புறம்தான் உறைத்தது. நீலக் கரை போட்ட புடவை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இடது கையில் வாட்ச். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது.

"நானும் பரீட்சை எழுதத்தான் வந்திருக்கறன், ஒக்காருங்க" என்றாள். அறையே சிரித்தது. அவள் தன் நம்பர் ஒட்டிய மேஜையைத் தேடிப் போய் உட்கார்ந்தாள்.

கள்ளக்குறிச்சி டவுனில் ஒரு பள்ளிக்கூடம். ஜூலை மாதம் நடக்கிற பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு, கணக்குப் பாடம். மார்ச்சில் கோட்டை விட்ட பிள்ளைகளோடு, வடக்கனந்தலிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்த முப்பத்தொன்பது வயது அமிர்தமும் ஒருத்தி. பதினாறு வயதில் மற்ற பாடம் எல்லாம் பாஸாகி, கணக்கில் மட்டும் இருபத்தேழு வாங்கினாள். படித்தது போதும் என்று அப்பன் சொல்லிவிட்டார். மறு வருஷமே உளுந்தூர்பேட்டையில் மூட்டை தூக்குகிற சின்னக்கண்ணுவுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு விட்ட அந்த ஒரு பாடத்தை இந்த மார்ச்சில் தனித்தேர்வராகப் போய் எழுதிப் பார்த்தாள். முப்பத்தொன்று வந்தது. முப்பத்தைந்துக்கு இன்னும் நாலு.

இந்த வயதில் இவளுக்கு எதற்கு இந்த வீண் வேலை என்று தெருவில் கேட்காத வாய் இல்லை. விஷயம் இதுதான். அவர்கள் தெரு அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் குஞ்சம்மாள் ஓய்வு பெறுகிறாள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும், வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் பத்து. ஆவணி பிறந்தால் அமிர்தத்துக்கு நாற்பது முடிந்துவிடும். ஆகவே இந்த ஜூலை போனால் போனதுதான், இன்னொரு பரீட்சை எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவள் சேற்றில் நிற்கிறாள். கால் விரல் இடுக்குகளில் புண் ஆறியதே கிடையாது. முட்டி இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் மடங்க மாட்டேன் என்கிறது. நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெயிலாப் போனவள் என்று இருபத்து மூன்று வருஷமாக மனசுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல்லைப் பிய்த்துப் போட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

மே மாதம் முப்பத்தொன்று வந்த அன்றைக்கு அவளுடைய மகள் சுபஸ்ரீ ஒரு போலீஸ்காரி மாதிரி எதிரே உட்கார்ந்து விசாரணை நடத்தினாள். சுபஸ்ரீ பதினொன்றாம் வகுப்பு. போன வருஷம் இதே கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியவள். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

"எப்பிடிம்மா எழுதின?"

"எப்பிடின்னா? ஒண்ணாங் கேள்வியில ஆரம்பிச்சி வரிசையா எழுதிக்கினே போனேன். பதினேழாங் கேள்வி வரல. அதை வெச்சிக்கினு முக்கா மணி நேரம் ஒக்காந்திருந்தேன்."

"ரெண்டு மார்க்குக்கு முக்கா மணி நேரமா?"

"பின்ன? அதை முடிக்காம அடுத்ததுக்கு எப்பிடிடீ போறது?"

சுபஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் இருக்கிற எட்டு மார்க் கேள்வி இரண்டில் ஒன்றை அமிர்தம் தொடவே இல்லை. இன்னொன்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மகளுக்கு இது அநியாயமாகப் பட்டது. அமிர்தத்துக்கு அதில் ஒன்றும் தப்புத் தெரியவில்லை. அவள் வேலை பார்ப்பது தனசேகரன் நிலத்தில், கயிறு நடவு. வயலின் இரண்டு வரப்பிலும் ஆள் நின்று கயிறு பிடிப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் இவ்வளவு என்று இடம் உண்டு. தன் இடத்தை நட்டு முடிக்காமல் ஒருத்தி பின்வாங்கினால் அந்த வரிசை முழுக்க நின்றுபோகும். நடுவில் இடம் விட்டால் கூட்டாளிகளுக்கெல்லாம் மூத்தவளான காசியம்மாள் ஏசுவாள். கயிறு தளர்ந்து வரிசை கோணலாகிவிட்டால் இன்னும் மோசம். "புடுங்கு, புடுங்கிட்டு நேரா நடு" என்று மொத்தத்தையும் பிடுங்க வைத்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே குனிந்து நிமிர்ந்தவள், கேள்வித்தாளைக் கண்டதும் அதையும் ஒரு வயலாக நினைத்துவிட்டாள். பதினேழாவது கேள்வியை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போவது அவளுக்கு வேலையில் ஏய்ப்பது மாதிரி.

"பரீட்சை நடவு இல்லம்மா" என்றாள் சுபஸ்ரீ. "இங்க உன்னை யாரும் ஏசப் போறதில்ல. கடைசியிலேர்ந்து ஆரம்பி. நாப்பத்து நாலு கிராப், நாப்பத்து மூணு முக்கோணம். ரெண்டும் பதினாறு மார்க். பாதி பாஸு அங்கயே வந்துடும். அப்புறம் மேல போயி ஒரு மார்க்கு பதினாலையும் எழுது. தெரியலன்னாலும் எதனா ஒண்ணை எழுது, ஒண்ணு கூட வெறுமனே வுடாத."

அடுத்த இரண்டு மாதம் சாயங்காலம் ஆனால் வீட்டில் இதே பாடுதான். சேறு கழுவிய கையோடு அமிர்தம் ஸ்கேலை எடுப்பாள். சுபஸ்ரீ வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கிராப் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. முக்கோணம்தான் உயிரை வாங்கியது. ஒரு முக்கோணம் வரைந்து, அதே சாயலில் இன்னொரு முக்கோணம் வரைய வேண்டும், கேட்ட அளவுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ. பின்னத்தின் மேல் எண் பெரிதாக இருந்தால் முக்கோணம் வெளியே வளரும், கீழ் எண் பெரிதாக இருந்தால் உள்ளே சுருங்கும். விரல் ஒவ்வொன்றும் காய்ப்புக் காய்ச்சிய கையில் காம்பஸ் நழுவியது. எவ்வளவு வேகமாகப் போட்டாலும் முப்பத்தைந்து நிமிஷத்துக்குக் கம்மியாக அவள் முடித்ததே இல்லை.

"உதவிப் படம் எங்க?" என்பாள் சுபஸ்ரீ ஒவ்வொரு தடவையும். அளவு எடுக்காமல் கையாலேயே ஒரு மாதிரிப் படம் முதலில் போட்டுக் காட்ட வேண்டும்.

"அதான் பெரிய படம் போட்டிருக்கறன் இல்ல, ஒரே படத்தை இன்னாத்துக்கு ரெண்டு வாட்டி போடறது?"

"அதுக்கும் மார்க் உண்டும்மா!"

ஒரு நாள் படம் கோணிப்போக, அமிர்தம் ரப்பரை எடுத்து மொத்தத்தையும் அழிக்க ஆரம்பித்தாள். சுபஸ்ரீ கையைப் பிடித்துவிட்டாள்.

"தப்போ ரைட்டோ, போட்டதை அழிக்காத. திருத்தறவங்க எங்கனா ஒரு ஓரத்துல மார்க் போடுவாங்க. வெறுந் தாளுக்கு எதைப் போடுவாங்க?"

"தப்புன்னு தெரிஞ்சும் அப்பிடியே வுட்டுட்டு வர்றதா? வெக்கமா இருக்காது?"

"வெக்கத்துக்கு மார்க் கெடையாதும்மா."

அமிர்தத்துக்குச் சுருக்கென்றது. பதினாறு வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது என்று அன்றைக்கு முழுக்க மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தது. மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் இளம் பெண். கேள்வித்தாளைக் கொடுக்கும்போது, "அம்மா, பத்து நிமிஷம் படிச்சிப் பாருங்க, இன்னும் எழுதக் கூடாது" என்று தணிந்த குரலில் சொன்னாள். அமிர்தம் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எழுத்தெல்லாம் கொஞ்ச நேரம் கலங்கித் தெரிந்தது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

நாற்பத்து நாலாவது கேள்வியைப் படித்ததும் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. பத்துப் பேர் பன்னிரண்டு நாளில் முடிக்கும் வேலை. ஆள் கூடக் கூட நாள் எப்படிக் குறையும் என்று வரைபடம் வரைய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள அவளுக்குப் பள்ளிக்கூடம் தேவையே இல்லை. பத்தும் பன்னிரண்டும் நூற்றிருபது. இருபது பேர் என்றால் ஆறு நாள், முப்பது பேர் என்றால் நாலு. பத்தேகாலுக்கு எழுதச் சொன்னதும் எழுத ஆரம்பித்து, பத்தே முக்காலுக்குள் வளைகோட்டை முடித்துவிட்டாள். கோடு நன்றாக விழுந்திருந்தது. எட்டு மார்க்.

அடுத்து நாற்பத்து மூன்று. முக்கோணம். கை தானாக ஓடியது. முதல் நாள் சாயங்காலம் வீட்டில் இதே மாதிரி ஒன்றைத்தான் பிசகில்லாமல் போட்டிருந்தாள். அடிக்கோடு, வில், முக்கோணம். சாய்வாக ஒரு கோடு, அதில் ஏழு புள்ளி. உதவிப் படத்துக்கு மேலே இடம் விட்டுவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே பெரிய படத்துக்குப் போனாள். ஏழாவது புள்ளியைச் சேர்த்து, நாலாவது புள்ளியிலிருந்து இணைகோடு. பதினொன்றே இருபத்தைந்துக்கு முடிந்தது. நேற்றைவிடச் சுத்தமாக இருந்தது படம். பதினாறு மார்க் ஆயிற்று என்று மனசு குதித்தது.

ஒரு மார்க் கேள்விகள் பதினாலையும் நிரப்பினாள். ஒன்பது நிச்சயம், மீதி ஐந்துக்குச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கேள்விக்கொரு விடை. இரண்டு மார்க் கேள்விகளில் ஒன்று சிக்கியது. பேனா அதிலேயே நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. வெளியே பன்னிரண்டு மணிக்கான மணி அடித்தது. அமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தாண்டினாள். முதுகுக்குப் பின்னால் காசியம்மாள் நின்று பார்ப்பது மாதிரியே இருந்தது. இருந்தாலும் தாண்டிவிட்டாள். இரண்டு மார்க் கேள்வி மூன்று, அம்புக்குறிப் படம் போடுகிற ஐந்து மார்க் கேள்வி ஒன்று. எல்லாம் முடித்தபோது பன்னிரண்டு முப்பத்தேழு.

அவளுக்குத் தெரிந்ததில் இனி ஒரே ஒரு ஐந்து மார்க்தான் பாக்கி, திட்ட விலக்கம். அட்டவணை போட்டுக் கூட்டிக் கழித்து எழுதினால் இருபது நிமிஷம். அதன் எண்களைப் பார்க்கக் கேள்வித்தாளைத் திருப்பினாள். நாற்பத்து மூன்றாவது கேள்வி கண்ணில் பட்டது. பட்ட கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏழின் கீழ் நாலு.

நேற்று வீட்டில் போட்டது நாலின் கீழ் ஏழு. சுருங்குகிற முக்கோணம். கேள்வியில் இருப்பது வளர்கிற முக்கோணம். கை நேற்றுப் பழகியதை இன்றைக்கும் அப்படியே போட்டு வைத்திருக்கிறது.

விடைத்தாளைப் புரட்டினாள். அழகான, சுத்தமான, முழுக்க முழுக்கத் தப்பான ஒரு படம். பெரிய முக்கோணத்துக்குள் சின்ன முக்கோணம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்களே, கண்ணை எங்கே வைத்திருந்தாய்!

கேள்வித்தாளில் எதையும் எழுதக் கூடாது. விரல் கணுவில் எண்ணினாள். கிராப் எட்டு. ஒரு மார்க்கில் ஒன்பது, பதினேழு. இரண்டு மார்க் மூன்று, இருபத்து மூன்று. அம்புக்குறி ஐந்து, இருபத்தெட்டு. திட்ட விலக்கம் ஐந்து வந்தால் முப்பத்து மூன்று. முப்பத்து மூன்றிலும் பெயில்தான். திட்ட விலக்கத்தை விட்டுவிட்டு முக்கோணத்தைப் புதிதாகப் போட்டு எட்டும் வாங்கினால் முப்பத்தாறு, பாஸ். ஆனால் முக்கோணத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம் வேண்டும். வாட்ச்சில் இருப்பது முப்பத்தாறு நிமிஷம். காம்பஸ் ஒரு தரம் நழுவினால் போதும், அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

ரப்பரை எடுத்தாள். எடுத்தது அவள் இல்லை, இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கோணலாக நட்டதைப் பிடுங்கத்தான் வேண்டும், அப்படியே விட்டுவிட்டு எந்த முகத்தோடு கரையேறுவது? ரப்பர் தாளில் பட்டது. சின்ன முக்கோணத்தின் ஒரு மூலை மங்கி அழிந்தது.

"நேரம் இருக்குதுங்கம்மா, பதறாதீங்க" என்றாள் டீச்சர், பக்கத்தில் நடந்துகொண்டே. அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்துச் சும்மா சொன்னாள்.

அமிர்தம் கையை நிறுத்தினாள். வெக்கத்துக்கு மார்க் கெடையாதும்மா என்று மகள் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. அன்றைக்கு எவ்வளவு கோபம் வந்ததோ அதே கோபம் இப்போதும் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடேயே ரப்பரைக் கீழே வைத்தாள். அழித்த மூலையைப் பென்சிலால் திரும்பவும் போட்டாள். தப்பான மூலையைத் தப்பாகவே, ஒழுங்காகப் போட்டாள். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத் திட்ட விலக்கத்துக்கு அட்டவணைக் கட்டம் கிழித்தாள்.

அந்த இருபது நிமிஷ வேலைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஒரு எண்ணைக் கூட்டும்போது முக்கோணம் நடுவில் வந்து நிற்கும். கூட்டலை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து கூட்டுவாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டியது. புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். ஒரு மணிக்கான மணி அடித்தபோது கடைசி வகுத்தலில் இருந்தாள். விடை வந்து, அதன் கீழே இரண்டு கோடு போட்டபோது ஒன்று ஐந்து.

பத்து நிமிஷம். முப்பத்து மூன்று மார்க்.

பத்து நிமிஷத்தில் முக்கோணம் ஆகாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியே பேனாவை மூடி வைத்துவிட்டு அழலாம் போல இருந்தது. பக்கத்து வரிசைப் பையன் ஏற்கெனவே மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அமிர்தம் அந்தப் பக்கத்தை மறுபடி திருப்பினாள். சின்ன முக்கோணத்துக்கு மேலே, உதவிப் படத்துக்காக விட்ட இடம் வெள்ளையாகக் கிடந்தது.

ஒரே படத்தை எதற்கு இரண்டு தடவை போடுவது என்று தினமும் சண்டை பிடித்தவள் அவள்தான்.

பென்சிலை எடுத்தாள். உதவிப் படத்துக்கு ஸ்கேல் வேண்டாம், காம்பஸ் வேண்டாம். முதலில் ஒரு முக்கோணம். அதன் அடிக்கோட்டை வெளியே நீட்டினாள். சாய்வாக ஒரு கோடு இழுத்து அதில் ஏழு புள்ளி வைத்தாள். இந்தத் தடவை நாலாவது புள்ளியைச் சேர்த்து, ஏழாவதிலிருந்து இணையாக இழுத்தாள். முக்கோணம் வெளியே வளர்ந்தது. கேள்வியில் கேட்டபடி, சரியாக. எழுத்துகளைக் குறித்தாள், அளவுகளை எழுதினாள். மேலே சரியான உதவிப் படமும் கீழே தப்பான பெரிய படமும் ஒரே பக்கத்தில் இருந்தன. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. திருத்துகிறவர் சிரிப்பார், சிரிக்கட்டும். கடைசி மணி அடித்தது.

வெளியே புங்க மரத்தடியில் சுபஸ்ரீ காலையிலிருந்து நின்றிருந்தாள். அன்றைக்கு ஸ்கூலுக்கு மட்டம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அமிர்தம் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஏழின் கீழ் நாலை மட்டும் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள்.

"நேத்து அந்தக் கணக்கைக் குடுத்தது நான்தானேம்மா" என்றாள் சுபஸ்ரீ.

"நீ குடுத்தா? கண்ணு என்னுது தானே."

"அழிச்சிட்டியா?"

"அழிக்கல."

சுபஸ்ரீ விரலை மடக்கினாள். "முப்பத்து மூணு. அப்புறம்..." என்று இழுத்தாள். அந்த அரைகுறை முக்கோணத்துக்கு எவ்வளவு போடுவார்கள் என்று தொண்ணூற்றொன்று வாங்கியவளுக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூரத்தில் கல்வராயன் மலை மேல் மழை இருட்டிக்கொண்டு நின்றது. அமிர்தம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பத்தாறு நிமிஷம் இருந்ததே, துணிந்து போட்டிருந்தால் முடித்திருப்பேனோ என்ற ஒரே கேள்வி, அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் மூன்று வாரமும் அவளை அரித்தது. சோறு வடிக்கும்போது வந்தது, நாற்றுப் பறிக்கும்போது வந்தது. பலகாரம் வாங்கிக்கொண்டு வந்த புருஷன் சின்னக்கண்ணு, "இன்னாச்சி, எப்பிடி எழுதின?" என்று கேட்டதற்கு, "எழுதினேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை கடைசியில் ஒரு வியாழக்கிழமை. தனசேகரன் நிலத்தில் கயிறு நடவு. அமிர்தம் முட்டி வரை சேற்றில் நின்று நட்டுக்கொண்டிருந்தபோது வரப்பில் சுபஸ்ரீ ஓடி வருவது தெரிந்தது. ஸ்கூல் யூனிபார்ம், ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் போன். ஸ்கூல் முடியவில்லையே, இந்நேரத்துக்கு எதற்கு ஓடி வருகிறாள் என்று முதலில் நினைத்து, அடுத்த நொடியே அமிர்தத்துக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த நாற்று முடி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"முப்பத்தாறு!" என்று சுபஸ்ரீ வரப்பிலிருந்தே கத்தினாள். "ம்மா, முப்பத்தாறு! பாஸு!"

கூட நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அமிர்தம் சேற்றுக் கையின் விரல் கணுவில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்து மூணு போனா மூணு" என்றாள். "அந்த முக்கோணத்துக்கு மூணு போட்டிருக்காங்க பாப்பா."

"ஒரு மார்க்குல நீ சும்மா எழுதினது எதனா ரைட்டாயிருக்கும்மா. அதுவா கூட இருக்கலாம்."

"இல்ல. அந்த முக்கோணந்தான்." அவள் அதில் கறாராக இருந்தாள். அழித்திருந்தால், என்று நினைத்த அந்தக் கணத்தில்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சேற்றுக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல், முழங்கையால் துடைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சுபஸ்ரீ யூனிபார்மோடு சேற்றில் இறங்கி வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுபஸ்ரீ ஓடி வந்ததை வேடிக்கை பார்த்ததில் கயிறு பிடித்திருந்தவளின் பிடி தளர்ந்து, அமிர்தம் கடைசியாக நட்ட வரிசை கோணலாகிக் கிடந்தது. காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். நல்ல சேதிக்குச் சந்தோஷப்பட்டாள்தான், ஆனால் வேலை என்றால் அவளுக்கு வேலை.

"பாஸானதெல்லாம் இருக்கட்டும்டீ. அந்த வரிசை கோணிக்கினு கீது பாரு, புடுங்கிட்டு நேரா நடு."

அமிர்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு நாற்று, கொஞ்சம் கோணலாக, ஆனால் வேர் மண்ணில் பிடித்து நின்றிருந்தது.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "வெளையும்."

காசியம்மாள் ஏச வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, கயிற்றை அடுத்த வரிசைக்குத் தள்ளிப் போடச் சொன்னாள்.